சிறு நினைவகத்தைப் பெருவெளியாக்கிய டாம் கில்பர்ன்

கணிப்பொறியின் முன் அமரும் நம் மாணவர், தாம் எழுதும் நிரலுக்கு அதன் நினைவகத்தில் இடம் போதுமா என்று எண்ணிப் பார்ப்பது அரிது. ஒரு காலத்தில் அதுவே பெருங்கவலையாக இருந்தது. அக்கவலையை மனிதர் தலையிலிருந்து இறக்கிப் பொறியிடமே ஒப்படைத்தவர் டாம் கில்பர்ன் என்னும் ஆங்கிலேயர்.

1921 ஆகஸ்டு 11ஆம் நாள் யார்க்சயரின் டியூஸ்பரியில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். போர்க்காலத்தில் எப்.சி. வில்லியம்சுடன் பணியாற்றி, 1946 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சேர்ந்தார். கதிர்க்குழாய்த் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக எண்களைத் தேக்கும் முறையை இருவரும் உருவாக்கினர். 1948 ஜூன் 21 அன்று, தன்னுள் சேமித்த நிரலை அவர்களுடைய பொறி இயக்கிக் காட்டியது. அதன் நினைவகம் வெறும் 32 சொற்கள். அந்த முதல் நிரலை எழுதியவரும் கில்பர்னே.

பொறிகள் வளர்ந்தன, கணக்குகள் அவற்றினும் விரைந்து வளர்ந்தன. காந்த வளைய நினைவகம் விரைவானது, ஆனால் விலை மிக்கது. காந்த உருளையில் இடம் மிகுதி, வேகமோ குறைவு. 1960இல் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இயக்கிய டிஃப்ராக் பொறிக்கும் வளைய நினைவகம் 2048 சொற்கள்தாம். பெரிய நிரலைத் துண்டு துண்டாக்கி, எதை எப்போது உள்ளே கொணர்வது, எதை வெளியேற்றுவது என்பதை எழுதுவோரே வகுக்க வேண்டும். கணக்கைத் தீர்ப்பதினும் இது கடினம்.

1962 டிசம்பர் 7 அன்று தொடங்கப்பெற்ற அட்லஸ் பொறியில் கில்பர்ன் குழுவினர் இதற்கு விடை கண்டனர். குலசேகரன்பட்டினம் போன்ற துறைமுக ஊரின் மளிகைக் கடையை நினைத்துக்கொள்வோம். கடையின் முகப்பு சிறிது, கிட்டங்கி பெரிது. கேட்டவருக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டியதில்லை. அட்லஸின் வளைய நினைவகம் 16,384 சொற்கள், உருளை 98,304 சொற்கள். நிரலருக்கோ ஏறத்தாழப் பத்து லட்சம் முகவரிகள் ஒரே வெளியாகத் திறந்து கிடந்தன. 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, கேட்ட பக்கம் உள்ளே இல்லையெனில் பொறியே உருளையிலிருந்து கொணரும். எந்தப் பக்கத்தை வெளியே அனுப்புவது? பக்கங்களின் முந்தைய பயன்பாட்டை ஆராய்ந்து, இனி நெடுநேரம் தேவைப்படாததை ஊகிக்கும் நிரலொன்றும் அதிலிருந்தது. நம் பார்வையில் அட்லஸின் அழகே இந்த ஊகம்தான். ஆனால் முகப்பு மிகவும் குறுகிவிட்டால், விற்பனையை விட்டுச் சுமப்பதிலேயே பொழுது கழியும். இம்முறைக்கும் அக்குறை உண்டு.

எட்வர்ட்ஸ், லானிகன், சம்னர் ஆகியோருடன் இணைந்தே கில்பர்ன் இதனை 1962இல் கட்டுரையாக வெளியிட்டார். எனவே, தனியொருவர் சாதனையாக இதைப் பாடுவது முறையன்று.

அவ்வகையில் அட்லஸ் 1 பொறிகள் மூன்றே கட்டப்பட்டன. கருத்தோ கடல் கடந்தது. 1972இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 370 வரிசைப் பெரும்பொறிகளுக்கு இம்முறையை அறிவித்தது. அன்று 16 மெகாபைட்டாக இருந்த முகவரி வெளி, 1980களில் 2 ஜிகாபைட்டாக விரிந்தது. 2000ஆம் ஆண்டில் 64 பிட் முகவரிகளும் வந்துவிட்டன. 1964இல் மான்செஸ்டரில் கணிப்பொறி அறிவியல் துறையை நிறுவி, 1981இல் ஓய்வு பெற்றிருந்த கில்பர்ன், அதற்கு அடுத்த ஆண்டு ஜனவரி 17 அன்று மறைந்தார்.