கடன்முறி ஆராய்ந்த பேராசிரியர்

இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதனுக்குப் பங்குச்சந்தைக் கணிதத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். விடைத்தாள் திருத்தும் தொழிலே என்னை லூயி பஷெலியேயின் சரித்திரத்துக்கு இழுத்துச் சென்றது.

பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்தில் 1870ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் மது வணிகர். 1889இல் பெற்றோர் இருவரும் இறக்கவே, படிப்பை நிறுத்திக் குடும்ப வணிகத்தைச் சுமந்தார். படைச்சேவையும் முடித்து, இருபத்திரண்டாம் வயதளவிலேதான் பாரிசில் சொர்போன் சர்வகலாசாலையை அடைந்தார்.

அக்காலத்துப் பிரெஞ்சு அரசாங்கக் கடன்முறி விசித்திரமானது. நூறு பிராங்கு முகப்பெறுமதி. ஆண்டுதோறும் மூன்று பிராங்கு வட்டி. முதல் திரும்பும் நாளென்று ஒன்று குறிக்கப்படவில்லை. பாரிசுச் சந்தையில் அதன் விலை நாளும் ஏறும், இறங்கும். அந்த ஏற்றவிறக்கத்தையே பஷெலியே கலாநிதிப் பட்டத்துக்குரிய பொருளாக எடுத்தார். அடுத்த கணம் விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வாய்ப்பு ஒன்றே. அலைவின் அளவோ காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். ஒரு நாளைய அலைவு ஒரு பங்காயின், நான்கு நாளைய அலைவு நான்கு பங்கன்று, இரண்டே பங்கு. இதனை அவர் 1900 மார்ச்சிலே சபைமுன் வைத்தார். நீரில் மிதக்கும் நுண்துகளின் அலைவுக்கு ஐன்ஸ்டீன் இவ்விதியைக் கூறியது 1905இல்.

ஆய்வை மதிப்பிட்ட பேரறிஞர் புவான்காரே அதன் புதுமையைப் பாராட்டினார். பொருள் மட்டும் மாணாக்கர் வழக்கமாகத் தொடுவதன்று என்றார். கிடைத்தது அதியுயர் சித்தியன்று. சந்தைச் சரக்கென்று கணித உலகம் முகஞ்சுளித்தது போலும்.

1909 முதல் சொர்போனில் நிரந்தரமில்லாத விரிவுரைகள்; 1914இல் போர் மூண்டதும் சாதாரணப் போர்வீரர். மீண்டபின் பெசன்சோன், டிஜோன், ரென் என ஊரூராகத் தற்காலிகப் பதவிகள். 1926இல் டிஜோனில் நிரந்தரப் பதவி வேண்டினார். போல் லெவி என்னும் கணிதர், பஷெலியேயின் கட்டுரையொன்றிற் பிழை கண்டதாகக் கடிதம் எழுதினார். தொடக்கத்திலேயே பிழையென்று கருதி, மேலே படியாது விட்டவர் அவர். பதவி போயிற்று. வயதோ ஐம்பத்தாறு!

யானும் ஒருமுறை முதற்பக்கத்துப் பிழையொன்றைக் கண்டு, மிகுதியைப் படியாமலே சிவப்புக் கோடிட்டதுண்டு. அம்மாணவனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

மறு ஆண்டே பெசன்சோன் பேராசிரியர் பதவி அளித்தது. 1937இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார். 1931இல் வெளிவந்த ருஷ்யக் கணிதர் கொல்மகோரவின் கட்டுரையிலே பஷெலியேயின் பெயரைக் கண்ட லெவி, பழைய ஏடுகளை மறுபடியும் எடுத்துப் படித்து, வருத்தந் தெரிவித்தார். இருவரும் இணங்கினர். 1946இல் பஷெலியே காலமானார். அமெரிக்கப் பொருளியலாளர் சாமுவெல்சன் அந்த ஆய்வேட்டைத் தேடியெடுத்தது 1950களில். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலொன்றில் அச்சேறியது 1964இல்.