மைதானத்துக்குப் பெயர் வந்த கதை

அன்புள்ள சீனியர்களே, ஜூனியர்களே, இப்போது ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே,

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று செயலாளர் அண்ணன் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். நான் மெக்கானிக்கல். பரீட்சைப் பேப்பரைத் தவிர தமிழில் நீளமாக எதுவும் எழுதினவன் இல்லை. ஆனால் ராணுவத்தில் சேர்ந்து பணியில் உயிர் விட்ட நம் பழைய மாணவர் ஒருவரின் பெயரைக் கல்லூரி மைதானத்துக்கு வைக்கலாம் என்று இந்த வருஷம் பேச்சு வந்திருக்கிறது, இல்லையா? அதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தவர் நைல் கின்னிக்.

வேலை விஷயமாக அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே அயோவா பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குக் கின்னிக் ஸ்டேடியம் என்று பெயர். சுமார் 70 ஆயிரம் பேர் உட்காரலாம். வாசலில் அவருக்குச் சிலை. ஹெல்மெட் காலடியில் கிடக்க, கையில் புத்தகத்தோடு நிற்கிறார். அந்தப் புத்தகம்தான் என்னை நிற்க வைத்தது.

அவர்கள் ஆடுவது நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, எறிவது, எதிராளியை மோதி வீழ்த்துவது. இப்போது தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு ஓர் அணி என்று மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். அந்தக் காலத்தில் அதே 11 பேர்தான் ரெண்டுக்கும். வெளியே போனவன் அந்தக் கால்பகுதி முடியும்வரை உள்ளே வர முடியாது.

கின்னிக் 1918-இல் அயோவாவில் ஏடல் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். ஆள் ஐந்தடி எட்டங்குலம், 77 கிலோ. அந்த ஆட்டத்துக்கு இது சின்ன உடம்பு. அவர் சேர்ந்த அணியும் அப்படித்தான்: 1937-இல் ஒரே ஒரு வெற்றி, 1938-இலும் ஒரே ஒரு வெற்றி. நம்ம காலேஜ் ஹாக்கி டீம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். (கோச் சார் மன்னிக்கணும்.)

1939-இல் புதுப் பயிற்சியாளர் எடி ஆண்டர்சன் வந்தார். அவர் டாக்டர். ஆஸ்பத்திரி வேலையையும் பார்த்துக்கொண்டு பையன்களையும் பழக்கினார். அந்த செப்டம்பர் 1-ஆம் தேதிதான் ஹிட்லர் போலந்துக்குள் படையை அனுப்பினான். அயோவாவின் முதல் ஆட்டம் செப்டம்பர் 30. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஆனால் தங்கள் முறையும் வருமோ என்ற கேள்வி கல்லூரிப் பையன்கள் மனசில் இருக்காமலா இருந்திருக்கும்?

ஆட ஆள் குறைவு. அதனால் ஒரு சிலரே 60 நிமிடமும் நின்று ஆடினார்கள். இரும்பு மனிதர்கள் என்று பெயரே வந்துவிட்டது. கின்னிக் தொடர்ந்து ஆறு ஆட்டங்கள் ஒரு நிமிஷம்கூட வெளியே போகவில்லை. மிச்சிகனிடம் 27-7 என்று உதை வாங்கினார்கள். பர்டியூவை 4-0 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் 4-0 என்பது ரொம்ப அபூர்வமான கணக்கு.

நவம்பர் 11 அன்று நோட்டர்டேம் வந்தது, அதுவரை தோற்காத அணி. முதல் உலகப்போர் முடிந்த நினைவு நாளும் அதுதான். கின்னிக் ஓடி எல்லையைத் தொட்டு 6 புள்ளி எடுத்தார். கூடுதல் ஒரு புள்ளியையும் அவரே உதைத்து எடுத்தார். முடிவு 7-6. அன்று அவர் 16 முறை பந்தைத் தூர உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். என்னைக் கேட்டால் அந்த ஏழு புள்ளியைவிட இந்த 16 உதைதான் பெரிசு. அடுத்த வாரம் மினசோட்டா. 0-9 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் கின்னிக் எறிந்த இரண்டு எறிகளால் 13-9. கடைசி ஆட்டத்தில் தோள்பட்டை போய் வெளியே வந்தார். அது 7-7 என்று டிரா. சீசன் கணக்கு ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா.

நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது அந்த ஆண்டு அவருக்கு. நியூயார்க்கில் ஏற்புரை சொன்னபோது, ஐரோப்பாவின் போர்க்களத்தில் இல்லாமல் இந்த மைதானங்களில் ஆடக் கொடுத்து வைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார். வயசு 21.

தொழில்முறை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அயோவாவிலேயே சட்டம் படிக்கச் சேர்ந்தார். பிறகு கடற்படை விமானப் பிரிவில் பெயர் கொடுத்து, 1941 டிசம்பர் 4 அன்று பணியில் சேர்ந்தார். மூன்றாம் நாள் பேர்ல் ஹார்பர்.

1943 ஜூன் 2. லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பயிற்சிக்காகப் பறந்தார். வெனிசுவேலா பக்கம், பாரியா வளைகுடா. எஞ்சினில் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எண்ணெய் போய்விட்டால் எஞ்சின் எத்தனை நேரம் தாங்கும் என்பது நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் தளம் முழுக்க மற்ற விமானங்கள். அங்கே இறங்கினால் எத்தனை பேர் உயிருக்கு ஆபத்து. கடலில் இறக்கினார். படகு போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் எண்ணெய்ப் படலம்தான் மிச்சம். உடல் கிடைக்கவே இல்லை. 25-ஆவது பிறந்த நாளுக்கு ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அடுத்த வருஷம் தம்பி பென்னும் பசிபிக் போரில் விமானியாக இறந்தார்.

போர் முடிந்த கையோடு மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் போயிருக்கும்போது தன் பிள்ளை பெயரை மட்டும் தனியாக வைப்பது சரியில்லை என்பது அவர் எண்ணம். இரண்டு மகன்களைக் கொடுத்தவர். மறுபடி கேட்டு, அவர் சரி என்று சொல்லி, பெயர் வந்தது 1972-இல்தான்.

நம் தீர்மானம் பொதுக்குழுவுக்கு வரும்போது நான் எதிர்த்துக் கை தூக்க மாட்டேன். ஆனால் அவரோட அப்பா அம்மாவை யாராவது நேரில் போய்ப் பார்த்துக் கேட்டாச்சா என்று கட்டாயம் கேட்பேன். கேட்கலைன்னா, அவங்க ஊருக்கு பஸ் ஏற நான் தயார். கூட வர்றவங்க ரீயூனியன் அன்னிக்கு மதியச் சாப்பாட்டில் என்னைப் பிடியுங்கள்.