கோபால கிருஷ்ண கோகலே

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர், பாத்திகளின் கரையிலே வெண்குன்றுகள்போல் உப்புக் குவிந்திருக்கும் காட்சியை எளிதில் மறவார். கடல்நீரைத் தேக்கி, கடுவெயிலிலே நின்று, விளைந்த உப்பை வாரிக் கரையேற்றுவோர் ஏழைத் தொழிலாளர். அவ்வுப்பை வாங்கி உண்போரும் பெரும்பாலும் ஏழைகளே. ஆயினும் ஆங்கில அரசாங்கத்தார் 1888-ஆம் ஆண்டில், ஏறக்குறைய 37 கிலோ எடையுள்ள மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாய் வரி விதித்தனர். உப்பை விளைவிக்கும் செலவோ அதிற் சிறு பங்குதான். இவ்வரியைக் குறைத்தல் வேண்டுமென்று சட்டசபையிலே ஓயாது வாதாடியவர் கோபால கிருஷ்ண கோகலே ஆவார்.

அவர் 1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் இரத்தினகிரி ஜில்லாவில் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்தார். தமையனார் தம் படிப்பைத் துறந்து உத்தியோகத்தில் அமர்ந்து தம்பியைப் படிப்பித்தனர். 1884-இல் பி.ஏ. பட்டம் பெற்ற கோகலே, பொருள் ஈட்டும் வழிகளை நாடாது, பூனாவிலே பெர்குஸன் கல்லூரியிற் சொற்ப ஊதியத்துக்கு ஆசிரியரானார். மகாதேவ கோவிந்த ரானடே அவருக்குக் குருவாய் வாய்த்தார். அரசாங்க அறிக்கைகளை வரிவரியாய் ஆராய்ந்து, கணக்குகளை ஒப்புநோக்கி எழுதும் பயிற்சியை அப்பெரியாரிடமே பெற்றார்.

1897-இல் இலண்டன் மாநகரிலே வெல்பி கமிஷன் முன்னர் இந்திய வரவு செலவு குறித்துச் சாட்சியம் அளித்தார். அப்பொழுதுதான் அவர் வாழ்வில் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. பிளேக் நோய்த் தடுப்பிலே ஈடுபட்ட சிப்பாய்கள் பூனாவில் கொடுமை இழைத்தனரென்று நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, ஆங்கிலப் பத்திரிகையில் அதனை வெளியிட்டார். தாயகம் திரும்பியபின் சான்று கேட்கப்பட்டது. எழுதியவர்கள் முன்வந்திலர். அவர்கள் பெயரை வெளியிடவும் கோகலேக்கு மனமில்லை. நிரூபிக்க இயலாததைக் கூறியது தம் பிழையென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கோழையென்று பலர் இகழ்ந்தனர். அவர் அதனைப் பொறுத்துக்கொண்டார்.

நிற்க. 1902-இல் அவர் இராஜப் பிரதிநிதியின் சட்டசபையிலே அமர்ந்தபோது, அங்கத்தினர் வரவு செலவுத் திட்டத்தைப்பற்றிப் பேசலாமேயன்றி வாக்களித்து மாற்ற இயலாது. உண்மையே அவருக்கிருந்த ஒரே படைக்கலம். இக்காலத்திலே பாராளுமன்ற உறுப்பினர்க்கு ஆராய்ச்சிக் குறிப்புகள் தயாரித்தளிக்கப் பாராளுமன்ற நூலகத்தோடு இணைந்ததொரு பகுதி உண்டு. அந்நாளில் அஃது இல்லை. கணேச வெங்கடேச ஜோஷி என்னும் பள்ளியாசிரியர், புள்ளி விவரங்களில் வல்லவர், கடித வாயிலாக அவருக்குத் துணைபுரிந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் கோகலே நிகழ்த்திய முதற் சொற்பொழிவு சபையை வியப்பில் ஆழ்த்தியது. ஏழு கோடி ரூபாய் மிச்சம் குடிகளின் செழிப்பைக் காட்டுவதன்று, நாணய மாற்று விகிதத்தாலும் மிகுந்த வரியாலும் விளைந்தது என்று அரசாங்கத்தின் கணக்குகளைக்கொண்டே விளக்கினார். வரி உயர்ந்ததனால் ஏழைகள் உப்பையும் குறைத்து உண்கின்றனரென்று காட்டினார்.

அடுத்த ஆண்டிலேயே வரி இரண்டு ரூபாயாயிற்று. 1905-இல் ஒன்றரையும், 1907-இல் ஒரு ரூபாயும் ஆயிற்று. இஃது அவர் ஒருவராலேயே ஆயிற்றென்பது மிகையாகும். ஆயினும் அவர் வாதத்துக்கு அதிற் பெரும்பங்கு உண்டென்பதில் ஐயமில்லை. எல்லா முயற்சியும் கைகூடவில்லை. கட்டாய ஆரம்பக் கல்விக்காக 1911-இல் அவர் கொணர்ந்த மசோதா மறு ஆண்டு தோற்கடிக்கப்பட்டது.

1905-இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவி, தேச ஊழியம் செய்யப் புகும் இளைஞர் முதலிற் பல்லாண்டு கற்றல் வேண்டுமென்று விதித்தார். நம் நாட்டு வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரே அவருக்குப் பின் அச்சங்கத்தின் தலைவரானார். 1915 பிப்ரவரி 19-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதிலே கோகலே காலமானார். அவரைத் தம் அரசியற் குருவெனக் கொண்ட காந்தியடிகள் 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது.

நண்பர்காள்! சான்றில்லாத ஒரு சொல்லுக்காக நாணித் தலைகுனிந்தவரே, பின்னர்ச் சான்றுள்ள சொல்லால் அரசாங்கத்தையும் சிந்திக்கச் செய்தார். மேடையேறிப் பேச விழையும் நாம், பேசுமுன் நூல்நிலையத்திலே சில நாட்களைச் செலவிடுவோமாக.