விலா எலும்பை எண்ணிப் பார்த்த வைத்தியர்



தேவன் ஆதாமின் விலா எலும்பில் ஒன்றை எடுத்து ஏவாளை உண்டாக்கினதால், ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று நம்ம ஜனங்களில் அநேகர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளை கல்லூரிக்குப் போய், இருவருக்கும் 24 தான் என்று படிக்கும்போது என்ன ஆகும்? வேதத்தின்மேலேயே சந்தேகம் வந்துவிடும். ஆகவே ஏறக்குறைய 500 வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு வைத்தியரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆந்திரேயாஸ் வெசாலியஸ். 1514 டிசம்பர் 31-ல் பிரஸ்ஸல்ஸ் பட்டணத்தில் பிறந்தார். பாரிஸில் வைத்தியம் படிக்கையில், கல்லறைத் தோட்டத்தில் குவிந்து கிடந்த எலும்புகளை மணிக்கணக்காய் எடுத்துப் பார்ப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே இது இன்ன எலும்பு என்று சொல்லிவிடுவாராம்!

1536-ல் யுத்தம் வந்ததால் லூவேன் ஊருக்குத் திரும்பினார். அங்கே ஊருக்கு வெளியே, தண்டனை பெற்ற ஒருவனுடைய எலும்புக்கூடு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கை கால்களை முதலில் எடுத்துப்போனார். மார்புக்கூடு சங்கிலியில் கட்டியிருந்தது. அதற்காக ராத்திரி ஊருக்கு வெளியிலேயே தங்கி, தனியாய் மேலே ஏறி அவிழ்த்தார். பாருங்க, அறிந்துகொள்ள அவருக்கு எவ்வளவு தாகம்!

1537-ல் இத்தாலியிலுள்ள பதுவாவில் ஆசிரியரானார். அந்நாட்களில் ஆசிரியர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, 1300 வருஷத்துக்கு முந்தின காலென் என்ற வைத்தியரின் புஸ்தகத்தை வாசிப்பார். சவரத்தொழிலாளி ஒருவர் கீழே நின்று சரீரத்தை அறுப்பார். வெசாலியஸோ தானே இறங்கி, தன் கையினாலே அறுத்துக் காண்பித்தார். அப்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார் காலென். மனுஷனுக்கு இருப்பது ஒன்றே. நெஞ்செலும்பு ஏழு துண்டு என்றார், இருப்பது மூன்றே. காலென் பெரும்பாலும் குரங்கு முதலான மிருகங்களை அறுத்துப் பார்த்தே எழுதியிருந்தார்!

1543-ல் பாசெல் நகரத்தில் தன் பெரிய புஸ்தகத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 28. ஏழு பாகங்களில் முதல் பாகம் எலும்புகளையும் மூட்டுகளையும் பற்றியது. தோள்மூட்டைப் பாருங்கள், கிண்ணத்தில் உருண்டை உட்கார்ந்ததுபோல எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கையோ கதவுக்கீல் போல மடங்கி நிமிரும். சிருஷ்டிகரின் ஞானம் எவ்வளவு ஆச்சரியம்!

ஆணுக்கும் பெண்ணுக்கும் விலா எலும்புகள் பன்னிரண்டு ஜோடியே என்றும் அதில் எழுதினார். இதனால் வேதம் பொய்யாகுமா? ஒருபோதும் இல்லை. விபத்தில் விரலை இழந்த தகப்பனுக்குப் பிள்ளை விரலில்லாமலா பிறக்கிறது? ஆதாமிடத்தில் ஒன்று எடுக்கப்பட்டதென்று மட்டுமே ஆதியாகமம் சொல்லுகிறது. அவன் குமாரருக்கும் குறையும் என்பது மனுஷர் கூட்டிச் சொன்னது.

பாரிஸில் அவருக்குப் போதித்த சில்வியஸே அவரைப் பைத்தியக்காரன் என்று ஏசினார். காலென் எழுதினது சரிதான், அதற்குப்பின் மனுஷ சரீரம்தான் மாறிவிட்டது என்று சாதித்தார்! தான் நம்பினதை விட மனதில்லாதவர்கள் எதையும் சொல்வார்கள்.

வெசாலியஸும் எல்லாவற்றையும் கண்டுவிடவில்லை. கேட்பதற்கு உதவும் சிற்றெலும்புகள் காதில் மூன்று உண்டு. அவர் இரண்டைத்தான் எழுதினார். மூன்றாவதை இங்கிராசியா என்பவர் கண்டார். 1564-ல் எருசலேமுக்குப் போய்த் திரும்புகையில், ஜாகிந்தோஸ் தீவில் 49-ம் வயதில் மரித்தார்.

பிரியமானவர்களே, பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். பவுல் கோபப்படவில்லை. உங்க வீட்டுப் பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். உட்கார்ந்து, வேதத்தைத் திறந்து, கூடவே தேடுங்கள். சத்தியம் எண்ணிப் பார்ப்பவனுக்குப் பயப்படாது. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.