ஓலைச்சுவடி கற்ற குருவானவர்

ஒரு தேசத்தாருக்குப் போதிக்கச் செல்பவன் முதலில் அவர்களிடத்திற் கற்க வேண்டுமோ, வேண்டாவோ? இவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிதென்றே தோன்றும். ஆயினும், கற்றதன்பொருட்டுத் தம்மவராலேயே கடிந்துகொள்ளப்பட்ட ஒருவர்க்கு அவ்விடை எளிதாயிருக்கவில்லை. அவரே 1706-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர். அவரைத் தமிழ் அச்சுக்கூடத்தோடு சேர்த்தே பலரும் நினைவுகூர்வர். யாம் ஈண்டு அவரை நூல்களைக் கற்றவராக வைத்து நோக்க விரும்புகின்றோம்.

பர்த்தொலோமேயு சீகன்பால்கு 1682-ம் ஆண்டில், ஜெர்மனி தேசத்துச் சாக்சனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரிருவரையும் இழந்தார். தாயார் மரணத் தறுவாயில், தம் மக்களுக்குத் தாம் வைத்துச்செல்லும் ஆஸ்தி வேதபுத்தகமே என்றும், அதன் ஏடுகளைத் தம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் மொழிந்தனரென்பர். ஒரு நூலை உயிரினும் அருமையாய்ப் போற்றும் குணம் அவருக்கு இங்ஙனம் தாய்வழிச் செல்வமாய் வந்தது. பின்னர் ஹாலே நகரில் பிராங்கே என்னும் பெரியாரின் போதனையைப் பெற்றார். உடல் வலியற்றவரேனும், டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக்கின் அழைப்பிற்கிணங்கி, புளூச்சோ என்னும் தோழருடன் 1705-ம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கப்பலேறி, மறு ஆண்டு ஜூலை 9-ம் நாள் தரங்கம்பாடி சேர்ந்தார். அக்காலை அவருக்கு வயது ஏறத்தாழ 24.

அவ்வூரிலிருந்த டேனிய வர்த்தக சங்கத்து அதிகாரிகள் அவரை உவந்து ஏற்கவில்லை. ஆகவே அவர் தமிழ் மக்களை நாடினார். முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தும்படி வேண்டினார். சிறுவரோடு சிறுவராய்த் தரையிலமர்ந்து, மணலில் விரலால் அகர முதலிய எழுத்துக்களை எழுதிப் பழகினார். பல பாஷைகளையறிந்த அழகப்பன் என்னும் துபாஷியும் அவருக்குத் துணைபுரிந்தார். ஓராண்டு நிறையுமுன்னே அவர் தமிழிற் பேசவும் வாசிக்கவும் வல்லவரானார். கலாசாலையிற் கற்றுத் தேர்ந்த குரு ஒருவர் அரிச்சுவடிச் சிறுவரிடையே அமர்ந்த இக்காட்சியை யாம் பன்முறை எண்ணி வியந்ததுண்டு.

எனினும் அவர் தொடக்கத்திலேயே பொறுமையின் வடிவாயிருந்தாரென யாம் கூறோம். வந்த புதிதில் ஒருநாள், கோயிலொன்றிற் கண்ட உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளிச் சிலவற்றின் தலைகளையும் உடைத்தார். அங்கு வந்த கற்றறிந்த ஒருவர், அவை தெய்வங்களல்ல, தெய்வத்தின் காவல் வீரர்களேயென எடுத்துரைத்தார். இச்செய்தியை ஐயரே தம் கடிதத்தில் மறைக்காது எழுதியுள்ளார். கல்லை உடைத்தவர், தாம் உடைத்தது இன்னதென்று அறியாதவராயிருந்தார்! பிறர் வழிபடும் பொருளின் பெயரைக்கூட அறியாது அதனை அழிக்க முற்படுதல் எத்துணைப் பேதைமை! அச்செயலை யாம் நியாயப்படுத்த விரும்பவில்லை. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் அவர் கை நாடியது எழுத்தாணியும் ஏடுமே என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

தமிழ்ச் சுவடிகளைத் தேடுவதில் அவர் பட்ட பாடு பெரிது. தம் எழுத்தரைப் பலநாட் பயணமாக உள்நாட்டிற்கு அனுப்பி, கற்றோர் இறந்தபின் அவர்தம் கைம்பெண்களிடம் எஞ்சியிருந்த ஏடுகளை விலைக்கு வாங்குவித்தார். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைச் சேர்த்து, 1708-ம் ஆண்டில் ஒவ்வொன்றின் பொருளையும் குறித்து ஓர் அட்டவணை வகுத்தார். திருக்குறளும் அதில் இடம்பெற்றுள்ளது. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றையும் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஓதிய நீதியை ஐரோப்பியர் அறியவேண்டுமென்பதே அவர் அவா.

அவ்வாண்டின் இறுதியிலே துன்பம் வந்தது. ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் அவர் தலையிட்டதிலிருந்து எழுந்த பிணக்கினால், கோட்டைத் தலைவர் அவரைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ நான்கு மாதம் அவர் காவலிலிருந்தார். சிறைப்படுமுன் தொடங்கிய புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை விடுதலைக்குப்பின் தொடர்ந்து 1711-ம் ஆண்டில் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், ஹாலேயிலிருந்து தமிழெழுத்துக்களும் வந்துசேர, 1715-ம் ஆண்டில் அந்நூல் அச்சேறி வெளிவந்தது. தமிழை முதன்முதல் அச்சிட்டவர் இவரல்லர். 1578-ம் ஆண்டிலேயே அண்டிரிக்கு பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சாயிற்று. ஆனால் தமிழிற் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சில் வந்தது இவராலேயே.

ஏட்டுக் கல்வியோடு அவர் நின்றிலர். மக்களின் மணவினை, மருத்துவம், பள்ளி, உணவு, வழிபாடு முதலியவற்றைப் பற்றி வினாக்களெழுதி, தமிழர் பலரிடமிருந்து விடைக் கடிதங்களைப் பெற்றார். அவரும் உடனூழியர் கிரூண்ட்லரும் மொழிபெயர்த்த 99 கடிதங்கள் ஹாலேயில் அச்சிடப்பட்டன. கிறிஸ்தவரென்று சொல்லிக்கொள்ளும் ஐரோப்பியரின் தீய நடக்கையைத் தமிழர் அவற்றிற் கண்டித்துள்ளனர். தம் இனத்தார்மேற் சாற்றப்பட்ட அக்குற்றங்களையும் நீக்காது அனுப்பிய நேர்மை பாராட்டற்குரியது.

1713-ம் ஆண்டில், தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி, ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த விடையோ அவர் உள்ளத்தைப் புண்படுத்துவதாயிருந்தது. அவர் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை ஒழிக்கவேயன்றி, அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்பவன்று எனக் கருதிய பிராங்கே அதனை அச்சிட இசைந்திலர். தம்மை உருவாக்கிய ஆசிரியரே மறுத்தபின் யாரிடத்தில் முறையிடுவது? அந்நூல் 1867-ம் ஆண்டிலேதான் சென்னையில் அச்சாயிற்று. 

ஐயர் ஐரோப்பாவிற்குச் சென்று, 1716-ம் ஆண்டில் தமிழ் இலக்கண நூலொன்றை இலத்தீன் மொழியில் ஹாலேயில் வெளியிட்டு, அவ்வாண்டிலேயே துணைவியாருடன் மீண்டார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. ஆனால் கோபனேகன் மிஷன் சபையாரிடமிருந்து வந்த கடுமையான கடிதங்கள் நோயுற்ற அவர் உடலையும் உள்ளத்தையும் தளர்த்தின. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரமளவும் பெயர்த்த நிலையில், 1719-ம் ஆண்டு பிப்ரவரி 23-ம் நாள், 36-ம் வயதில், தேவனடி சேர்ந்தார். அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

மற்றவர் நூல்களைக் கற்றதனால் அவருடைய விசுவாசம் தளர்ந்ததோ? இல்லை. தாம் கற்ற யாவற்றையும் அவர் ஒப்புக்கொண்டாருமல்லர். பலவற்றை வன்மையாய் மறுத்தார். ஆனால் அறியாது மறுத்தலுக்கும் அறிந்து மறுத்தலுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னையது கோயிலில் உருவங்களின் தலையை உடைத்தது. பின்னையது அயலாரின் ஏட்டை அன்புடன் விரித்தது.

மாணவ நண்பர்காள், பரீட்சைக்கென விதித்த பாடங்களோடு நம் வாசிப்பு முடிந்துவிடலாகாது. அடுத்த வீட்டார் ஓதும் நூல் யாது, அவர் போற்றும் நீதி யாது என்று நம்மில் எத்தனைபேர் அறிவோம்? மணலில் எழுதிய அக்குருவானவரை நினைத்து, நாம் இதுவரை தொடாத நூலொன்றை நம் புத்தகசாலையிலிருந்து இவ்வாண்டில் எடுத்து வாசிப்போமாக.