எண்களில் உறங்கும் வண்ணங்கள்

வண்ணம் தீட்டினால்தான் ஓவியம். பென்சில் கோடுகள் அதற்கான முன்வேலை மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை மாற்றும் வாழ்க்கை பெர்டினாண்ட் பௌயருடையது.

இன்று செக் நாட்டில் வால்டிட்சே என்றும், அன்று பெல்ட்ஸ்பர்க் என்றும் வழங்கிய ஊரில் 1760-இல் அவர் பிறந்தார். ஓவியரான தந்தை, பிள்ளைக்கு ஒரு வயதானபோதே மறைந்தார். உள்ளூர் மடத்துத் துறவியும் தாவர அறிஞருமான போக்கியஸ், பௌயருக்கும் அவருடைய சகோதரர்களுக்கும் செடிகளைப் பார்த்து வரையக் கற்பித்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவன் நான். ஓர் ஆசிரியர் கைகொடுத்தால் ஒரு வாழ்வு எவ்வளவு உயரும் என்பதை இங்கே உணர்கிறேன்.

1801-இல் மாத்யூ பிளிண்டர்ஸ் தலைமையில் இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அதில் ஓவியராகச் சென்றார் பௌயர். உடன் சென்ற தாவர அறிஞர், 'பிரௌனியன் இயக்கம்' வழியாக நாம் அறிந்த ராபர்ட் பிரௌன்.

நீரைவிட்டு எடுத்த மீனின் நிறம் விரைவில் மங்கிவிடும். நம் ஆய்வுக்கூடத்துப் பார்மலின் சீசாக்களைப் பாருங்கள்! துடுப்புக் கதிர்களை எண்ணி இனத்தைக் கூறலாம். உயிருடன் இருந்தபோது என்ன நிறம் என்று கூற இயலுமா? ஆடும் கப்பலில் நிதானமாக வண்ணம் குழைக்கவும் நேரமில்லை. எனவே பௌயர் மீனின் உருவைப் பென்சிலால் வரைந்து, அந்தந்த இடத்தில் எண்களைக் குறித்தார். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிறச்சாயல். இத்தகைய எண்கள் ஏறத்தாழ ஆயிரம்!

ஆகவே அந்தத் தாள்களைப் படமாக மட்டும் பார்த்தல் போதாது. எழுத்தைப்போல் படிக்க வேண்டும். கோடு உருவத்தைச் சொல்கிறது. எண் நிறத்தைச் சொல்கிறது. எண்கள் நெருங்கி நின்றால், அங்கே நிறம் அடுத்தடுத்து மாறுகிறது என்று பொருள். இலை போன்ற உறுப்புகளுடன் பாசிக்கிடையில் மறைந்து வாழும் கடல் டிராகன் மீனை, ஊர் திரும்பிய பின்னரும் அவர் உயிர்ப்புடன் தீட்ட முடிந்தது இதனால்தான்.

அப்பயணத்தில் வரைந்தவை 2000-க்கும் மேல். வண்ணம் பெற்றவையோ சிறு பகுதியே. 1813 முதல் அவர் சொந்த முயற்சியில் வெளியிட்ட ஆஸ்திரேலியத் தாவர நூல் ஐம்பது படிகள்கூட விற்கவில்லை. 1814-இல் ஆஸ்திரியா திரும்பி, 1826-இல் வியன்னாவில் காலமானார். பென்சில் தாள்கள் வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் அப்பயணத்து எண்களுக்குரிய வண்ண அட்டவணை கிடைக்கவில்லை. பூட்டு இருக்கிறது, சாவி அவருடனேயே போய்விட்டது எனலாம். எஞ்சிய ஓவியங்களோடு எண்களை ஒப்பிட்டே அறிஞர்கள் பொருள் காண்கின்றனர்.

ரெக்கார்டு நோட்டில் படம் வரையும் மாணவ நண்பர்களே! கண்டதைக் கண்டபடி குறித்து வைப்பது அறிவியலில் பாதி. அக்குறிப்பைப் பிறர் படிக்கும் வழியையும் எழுதி வைப்பதே மறுபாதி.