மெக்கானிக்கல் முடித்த பாபா

மெக்கானிக்கல் சேர்ந்துட்டு ஃபிசிக்ஸ் மேல ஆசை வச்சிருக்கீங்களா? வீட்ல சொல்லப் பயமா இருக்குங்களா? அப்போ ஹோமி பாபாவைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க.

1909-ல் மும்பையில் பிறந்தவர். அப்பாவுக்கும், அத்தை வீட்டுக்காரரான தோராப்ஜி டாடாவுக்கும் ஒரே கணக்கு: பையன் கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் முடிக்கணும், வந்து ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் உட்காரணும். கோவையில் ஃபவுண்டரி வச்சிருக்கிற அப்பாக்கள் போடுற அதே கணக்குதான். போன இடத்தில் பையன் மனசு இயற்பியல் பக்கம் சாய்ந்தது. 1928-ல் அப்பாவுக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதிவிட்டார். அப்பா மறுக்கவில்லை, பேரம் பேசினார். இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கினால் மேற்கொண்டு கணிதம் படிக்கச் செலவு செய்வதாகச் சொன்னார். 1930-ல் பாபா வாங்கிக் காட்டினார். (அரியரை வச்சுக்கிட்டு ஆசையைப் பற்றிப் பேசுற நமக்கு, என்னையும் சேர்த்துத்தான், இது கொஞ்சம் சுடும்.)

1937-ல் ஹைட்லருடன் சேர்ந்து அவர் ஒரு கணக்குப் போட்டார். வேகமான எலக்ட்ரான் ஈயத்துக்குள் நுழைந்தால் ஒரு ஃபோட்டானைக் கக்கும். அந்த ஃபோட்டான் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாக உடையும். அவை மறுபடி ஃபோட்டான்களைக் கக்கும். ஆற்றல் பங்காகப் பங்காக எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சாரல் சாரலாகப் பொழிவது ஏன் என்பதற்கு இதுவே விடையானது.

1939-ல் விடுமுறைக்கு ஊர் வந்தவரைப் போர் தடுத்து நிறுத்தியது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராமனிடம் சேர்ந்தார். 1945-ல் டிஐஎஃப்ஆர் பிறந்தது. நாம மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டிக்கு டூர் போறோமே, அங்கே இருக்கும் காஸ்மிக் கதிர் ஆய்வகம் அந்த நிறுவனத்துடையதுதான். காற்றுமண்டலத்தில் விரியும் அதே சாரலை இன்றும் அங்கே அளக்கிறார்கள். அடுத்த முறை போட் ஹவுஸோடு திரும்பிடாதீங்க.

1966 ஜனவரி 24. மோன் பிளாங்க் மலையில் ஏர் இந்தியா விமானம் மோதியது. பாபாவுக்கு வயது 56.

கணக்கு மட்டும் நிற்கவில்லை. ஜெனீவாவில் செர்ன் நடத்தும் சிஎம்எஸ் கருவியில் ப்ரீஷவர் என்று ஒரு பகுதி இருக்கு. முதலில் ஈயத் தகடு, அதன் பின்னால் சிலிக்கான் சென்சார். ஈயத்தில் சாரல் தொடங்கும், அது எங்கே விழுகிறது என்பதைச் சிலிக்கான் பட்டைகள் சொல்லும். 1937 கணக்கேதான்! 63 மில்லிமீட்டர் சதுரமான அந்தச் சென்சார் ஒவ்வொன்றிலும் 32 பட்டைகள். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் சென்சார்களில் சுமார் ஆயிரம், பெங்களூர் பிஇஎல் தொழிற்சாலையில் செய்தவை.

செய்வதைவிடத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. பாயும் துகள்கள் சிலிக்கான் அணுக்களை இடத்தை விட்டே தள்ளிவிடும். கசிவு மின்னோட்டம் ஏறும். போகப்போக, சென்சார் முழுசாக வேலை செய்யக் கொடுக்க வேண்டிய வோல்டேஜும் கூடும். கசிவோ வெப்பம் சுமார் 7 டிகிரி ஏறினாலே இரண்டு மடங்காகும். அதனால் உறைநிலைக்குக் கீழே குளிர வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். கருவி ஓடாத நாளிலும் குளிர் வேணும், இல்லாட்டி நாளாக ஆகப் பழுது முற்றிவிடும். குழாய், குளிரூட்டி, வெப்பக் கடத்தல் எல்லாம் சரியாக இருந்தால்தான் சிலிக்கான் பிழைக்கும். அதாவது, மெக்கானிக்கல்காரங்க வேலை.